குழந்தையை மறந்த தொடர்

பூவிருந்தவல்லியைத் தாண்டித் திருப்பெரும்புதூர் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் கொரிய எழுத்துகள் பொறித்த பெயர்ப்பலகைகள் இன்று எவருக்கும் புதுமையல்ல. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனம் 1998-இல் கார் உற்பத்தியைத் தொடங்கிய நாள்முதல், கொரியா நமக்கு வேலை தரும் நாடாக அறிமுகமாயிற்று. அடுத்த தலைமுறைக்கோ அது கதை சொல்லும் நாடாகிவிட்டது. அயனம்பாக்கத்திலும் அம்பத்தூரிலும் ஆவடியிலும் நம் இல்லங்கள் பலவற்றில், இரவுச் செபமாலை முடிந்தபின் பிள்ளைகள் கைப்பேசியில் கண் பதிப்பது கொரியத் தொடர்களின்மீதுதான். பெற்றோர் சிலர் இதைக் கவலையோடு கூறுகின்றனர். கவலைப்படுவதற்கு முன்னர் அருகில் அமர்ந்து ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது என்பது என் கருத்து. அவ்வாறு பார்த்தவற்றுள் பெரும்பாலானவை என்னைக் கொட்டாவிவிட வைத்தன. ஒன்று மட்டும் உறங்கவிடவில்லை. உறங்கவிடாத அத்தொடரின் இரண்டாம் பருவம் ஏன் நம்மை ஏமாற்றியது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

தொடரின் கொரியப் பெயருக்கு நேர்பொருள் ‘நரகம்’. உலகெங்கும் அது ‘ஹெல்பவுண்ட்’ என்னும் பெயரால் அறியப்படுகிறது. இயக்கியவர் யோன் சாங்-ஹோ. 2016-இல் வந்த ‘டிரெய்ன் டு பூசான்’ படத்தின் வழியே நம் இளைஞர்க்கு ஏற்கெனவே அறிமுகமானவர். ஓவியர் சோய் க்யூ-சோக்குடன் இணைந்து அவர் உருவாக்கிய இணையப் படக்கதையே தொடராயிற்று. முதற்பருவம் ஆறு பகுதிகளாக 2021 நவம்பர் 19 அன்று நெட்ஃபிளிக்ஸில் வெளிவந்தது. இரண்டாம் பருவம், அதுவும் ஆறு பகுதிகளாக, 2024 அக்டோபர் 25 அன்று வந்தது.

கதையைச் சொல்லியாக வேண்டும். ஒருவர் முன் திடீரென ஒரு பெருமுகம் தோன்றுகிறது. அவர் பெயரைச் சொல்லி, இன்ன நாள் இன்ன நேரத்தில் நீ இறந்து நரகத்திற்குச் செல்வாய் என்று அறிவித்து மறைகிறது. குறித்த நேரத்தில் கரிய அரக்கர் மூவர் எங்கிருந்தோ வந்து, அவரை அடித்து நொறுக்கி எரித்து, கரிந்த எலும்பை விட்டுச் செல்கின்றனர். ஏன் என்று எவருக்கும் தெரியாது. தெரியாத அந்த இடத்தில் ஒரு மனிதர் வந்து நிற்கிறார்: ஜோங் ஜின்-சூ. இது பாவிகளுக்கு இறைவன் தரும் தண்டனை என்று விளக்கம் கூறி, ‘புதிய மெய்ம்மை’ என்னும் சங்கத்தை அவர் வளர்க்கிறார். அவரைச் சுற்றி ‘அம்புமுனை’ என்னும் வெறியர் கூட்டமொன்றும் முளைக்கிறது. எவரேனும் அறிவிப்புப் பெற்றால், அவர் செய்த பாவம் என்னவென்று தேடிக் கண்டுபிடித்து ஊரறியப் பரப்புவது அக்கூட்டத்தின் தொழில்.

அரக்கர்களைக் கண்டு எனக்கு அச்சம் எழவில்லை. கணினி வரைந்த அரக்கர்கள் எல்லா நாட்டிலும் ஏறத்தாழ ஒரே சாடையில்தான் இருக்கிறார்கள். அச்சமூட்டியது விளக்கம் சொல்பவரின் அமைதியான குரல். இரு பிள்ளைகளுக்குத் தாயான பார்க் ஜோங்-ஜா என்னும் ஏழைப்பெண் அறிவிப்புப் பெறுகிறாள். அவளது இறப்பை நேரலையாக ஒளிபரப்ப இசைந்தால் முந்நூறு கோடி வோன் தருவதாகச் சங்கம் பேரம் பேசுகிறது. தன் பிள்ளைகளின் எதிர்காலத்தை எண்ணி அவள் இசைகிறாள். பிள்ளைகளின் தந்தையர் இருவர் என்பதை ஊர் கண்டுபிடிக்கிறது, பாவம் உறுதியாகிவிடுகிறது! பணம் படைத்தோர் முகமூடி அணிந்து முன்வரிசையில் அமர்ந்து பார்க்க, அவள் எரிக்கப்படுகிறாள். மிகைக் கற்பனை என்று இதனை ஒதுக்க இயலவில்லை. கைம்பெண்ணின் வீட்டுக் கதவை ஊர் எவ்வாறு நோக்கும் என்பதை அறிந்தவர்கள் நாம்.

கொரிய மண்ணில் இக்கதைக்கு வேர் உண்டு. 1992 அக்டோபர் 28 அன்று உலகம் முடிந்து நம்பினோர் வானுக்கு எடுத்துக்கொள்ளப்படுவர் என்று அங்கே ஒரு சபை நாள் குறித்தது. பலர் வேலையைத் துறந்தனர், உடைமைகளை விற்றனர். அந்நாள் வந்தது, சென்றது. சபையின் நிறுவனரோ அந்நாளுக்குப் பின்னர் முதிர்வடையும் கடன்பத்திரங்களில் பணம் போட்டிருந்தார் என்பது வெளிப்பட்டு, மோசடிக் குற்றத்திற்காகத் தண்டிக்கப்பட்டார். கடவுளின் பெயரால் கடிகாரம் பார்க்கும் வழக்கம் அந்நாட்டு மக்கள் பட்டறிந்த ஒன்று.

நமக்கும் இது முற்றிலும் அயலானதன்று. 1990-களின் பிற்பகுதியில் சன் தொலைக்காட்சியில் வந்த ‘விடாது கருப்பு’ தொடரை இன்றைய பெற்றோர் மறந்திருக்க மாட்டார்கள். இந்திரா சௌந்தர்ராஜன் எழுத, நாகா இயக்கிய அத்தொடரும் தவறு செய்தவரைத் தண்டிக்கும் ஒரு காவல் தெய்வத்தைப் பற்றியதே. தண்டிப்பது கருப்பா, கருப்பின் பெயரில் இயங்கும் மனித மனமா என்னும் ஐயத்தில்தான் அதன் சுவை இருந்தது. இறுதியில் அது நமக்கு ஒரு விளக்கத்தைத் தந்து நிம்மதியாக உறங்க அனுப்பிற்று. கொரியத் தொடரின் முதற்பருவம் அந்த உதவியைச் செய்ய மறுத்தது. அரக்கர் எங்கிருந்து வந்தனர் என்பதை அது சொல்லவில்லை. சொல்லப்போவதுமில்லை என்பதுபோல் நடந்துகொண்டது. அதன் கவனமெல்லாம் வேறொன்றில் இருந்தது: வானம் வாய்மூடியிருக்கும்போது மனிதர் எவ்வளவு உரக்கப் பேசுகிறார்கள்!

மூன்றாம் பகுதியின் இறுதியில் உண்மை வெளிப்படுகிறது. ஜோங் ஜின்-சூவும் அறிவிப்புப் பெற்றவரே. இருபது ஆண்டுகளுக்கு முன்னரே பெற்றவர். தாம் அதற்குரிய பாவம் எதுவும் செய்யவில்லை என்பதும் அவருக்குத் தெரியும். தாம் இருபது ஆண்டுகள் சுமந்த அச்சத்தை உலகம் முழுவதும் சுமந்தால் மனிதர் நேர்மையாய் வாழ்வர் என்று கருதி, பொய் என்றறிந்தே அப்போதனையைக் கட்டியெழுப்பியிருக்கிறார். அச்சத்தால் அறம் வளர்க்கலாம் என்னும் எண்ணத்தை இதைவிடக் கூர்மையாகச் சோதித்த தொலைக்காட்சித் தொடரை நான் கண்டதில்லை. தவக்காலத் தியானங்களில் நரகத்தைப் பற்றி எரியும் சொற்களில் உரையாற்றிய மறையுரையாளர்களைக் கேட்டு வளர்ந்த தலைமுறை எங்களுடையது. அவ்வுரைகளைக் கேட்டுத் திருந்தியோரும் உண்டு, வாழ்நாளெல்லாம் நடுங்கியோரும் உண்டு.

இங்கே திருச்சபையின் மரபைக் குறித்து ஒன்று சொல்ல வேண்டும். நரகம் உண்டு என்று திருச்சபை கற்பிக்கிறது, அதனை மறைப்பதற்கில்லை. ஆயினும் ஆயிரக்கணக்கானோரைப் புனிதர் எனப் பெயர் சொல்லி அறிவித்துள்ள அதே திருச்சபை, இன்னார் நரகத்தில் இருக்கிறார் என்று ஒருவர் பெயரையும் இதுவரை அறிவித்ததில்லை. யூதாசின் பெயரைக்கூட அவ்வாறு அறுதியிட்டுக் கூறவில்லை. தொடரில் வரும் பெருமுகம் செய்வது இதற்கு நேர் எதிர். அது பெயர் சொல்கிறது. பெயர் சொல்லத் துணியும் எந்தக் குரலும் இறைவனின் குரலா என்று ஐயுறுவதற்கு நமக்குக் காரணம் இருக்கிறது.

இப்போது குழந்தைக்கு வருவோம். முதற்பருவத்தின் பிற்பாதியில், சில ஆண்டுகளுக்குப் பின், நாடே அச்சங்கத்தின் பிடியில் இருக்கிறது. அப்போது பே யோங்-ஜே, சோங் சோ-ஹ்யோன் என்னும் இளந்தம்பதியரின் பச்சிளங்குழந்தைக்கு அறிவிப்பு வருகிறது. பிறந்து சில நாள்களேயான சிசு செய்த பாவம் என்ன? இந்த ஒரு கேள்வியின் முன் ‘புதிய மெய்ம்மை’யின் கோட்டை முழுவதும் ஆட்டம் காண்கிறது. சங்கத்தார் வருந்தவில்லை; செய்தி வெளிவராமல் தடுக்கவே ஓடுகின்றனர். இறுதியில் குறித்த நேரத்தில் பெற்றோர் இருவரும் குழந்தையைத் தங்கள் உடல்களால் மூடிக்கொள்கின்றனர். அரக்கரின் தீ அவ்விருவரையும் கரிக்கிறது, குழந்தை பிழைக்கிறது. சுற்றி நின்ற குடியிருப்பு மக்கள் அதைக் கண்ணாரக் காண்கின்றனர். வழக்கறிஞர் மின் ஹ்யே-ஜின் குழந்தையை ஏந்திக்கொண்டு வாடகைக் காரில் ஏறுகிறார். கடவுளின் கணக்கு தனக்குத் தெரியாது, இவ்வுலகின் காரியங்களை மனிதர்தாம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற கருத்துப்பட ஓட்டுநர் பேசுகிறார். இயக்குநர் நம்பிக்கையாளரா இல்லையா என்பது எனக்கு முக்கியமன்று. கல்வாரியை நினையாமல் அக்காட்சியைப் பார்க்க என்னால் இயலவில்லை.

குழந்தைகளின் கதி பற்றி நம் இறையியலும் நெடுங்காலம் தடுமாறியதுண்டு. திருமுழுக்குப் பெறாமல் இறந்த சிசுக்களுக்கென ஓர் ‘ஓரிடம்’ இருக்கலாம் என்ற கருத்து நூற்றாண்டுகளாகப் போதிக்கப்பட்டது. அது இறையியலாரின் கருத்தேயன்றி விசுவாசக் கோட்பாடு அன்று. அனைத்துலக இறையியல் ஆணையம் 2007-இல் வெளியிட்ட ஆவணம், அச்சிசுக்களின் மீட்பை நாம் எதிர்நோக்க வலுவான காரணங்கள் உண்டு எனத் தெளிவாக்கியது. கோட்பாட்டைக் கையில் வைத்திருப்போர் தொட்டிலின் அருகே குனிந்து நின்றபோதுதான் அத்தெளிவு பிறந்தது என்று நான் எண்ணுகிறேன்.

இவையெல்லாம் வெறும் தொடர்க்கதைச் சர்ச்சையா? 2004-ஆம் ஆண்டை எண்ணிப் பாருங்கள். அவ்வாண்டு ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிக்கூடத் தீயில் 94 குழந்தைகள் மாண்டனர். டிசம்பர் 26 அன்று, கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவின் மறுநாள், ஆழிப்பேரலை நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்திற்கும் மேற்பட்டோரைக் கொண்டு சென்றது. வேளாங்கண்ணிக் கடற்கரையில் இருந்த திருப்பயணிகளில் நூற்றுக்கணக்கானோர் அதில் அடங்குவர். நான் அப்போது இளங்குரு. துயரம் ஆறுமுன்னரே விளக்கங்கள் வந்து சேர்ந்தன. இன்னின்ன பாவத்திற்காக என்றனர் சிலர். ஆலயத்திற்குள் நீர் புகவில்லை, இது புதுமை என்றனர் வேறு சிலர். ஆலயம் தப்பியது குறித்து நன்றி கூறலாம், தவறில்லை. ஆனால் அதே மணலில் மகளைப் பறிகொடுத்த தாய் ஒருத்தி, அப்படியானால் என் பிள்ளையை ஏன் காக்கவில்லை சாமி என்று கேட்டால், புதுமை என்று சொன்ன நா என்ன சொல்லும்? சீலோவாமில் கோபுரம் சரிந்து மாண்ட பதினெட்டுப் பேரைக் குறித்து ஆண்டவரிடம் இதே கேள்வி எழுந்தது. மாண்டோர் மற்றவரைவிடப் பெரும் பாவிகள் என்னும் கணக்கை அவர் ஏற்க மறுத்தார். மனமாற்றத்திற்கான அழைப்பை உயிரோடிருந்தோருக்கு விடுத்தார். இறந்தோர்மீது தீர்ப்பு எழுதவில்லை. முதற்பருவத்தின் குழந்தைக் காட்சி, தெரிந்தோ தெரியாமலோ, இந்த இடத்தைத் தொட்டது. அதனால்தான் அது உறங்கவிடவில்லை.

இனி இரண்டாம் பருவம். முதற்பருவத்தின் கடைசிக் காட்சியில், கண்ணாடிப் பேழைக்குள் காட்சிப்பொருளாக வைக்கப்பட்டிருந்த பார்க் ஜோங்-ஜாவின் கரிந்த எச்சம் மீண்டும் உடலெடுத்து உயிர் பெற்றது. அவமானத்தின் அருங்காட்சியகத்தில் ஓர் உயிர்ப்பு! மூன்றாண்டுகள் நாம் காத்திருந்தது அதற்காகத்தான். இரண்டாம் பருவத்தில் ஜோங் ஜின்-சூவும் உயிர் பெற்று வருகிறார். முதலில் அவ்வேடம் ஏற்ற யூ ஆ-இன் போதைப்பொருள் வழக்கில் சிக்கியதால், கிம் சுங்-சோல் அவ்விடத்தில் நடித்துள்ளார். ஏமாற்றத்திற்கு முழுக் காரணமும் இந்த மாற்றமே என்று சொல்வோர் உண்டு. நான் அப்படிக் கருதவில்லை. புதியவர் தம் பங்கைச் செம்மையாகவே செய்துள்ளார். முன்னவரின் முகத்திலிருந்த, இருபதாண்டு உறங்காத களைப்பு இவரிடம் இல்லை, அவ்வளவே. ஊர் கூடி ஒருவரைப் பழிப்பதைப் பற்றிய ஒரு தொடரைப் பற்றி எழுதுகையில் அந்நடிகரைக் குறித்து இதற்குமேல் எழுத என் பேனா இசையவில்லை.

குறை கதையின் கருவில் இருக்கிறது. முதற்பருவம் எழுப்பிய கேள்வி, தண்டனைக்கு விளக்கம் சொல்ல நாம் யார் என்பது. இரண்டாம் பருவம் எழுப்பும் கேள்வி, உயிர்த்து வந்தவரை யார் கைப்பற்றுவது என்பது. முந்தையது மனச்சான்றை நோக்கியது. பிந்தையது புதையல் வேட்டை. சங்கம் ஒருபுறம், அம்புமுனையினர் ஒருபுறம், அரசு ஒருபுறம் என மூவரும் இழுக்க, ஓட்டமும் துரத்தலும் அடிதடியும் பெருகுகின்றன. நரகத்தில் என்ன கண்டாய் என்று வினவப்படுகிறது. மறுமைக்கும் இம்மைக்கும் உள்ள தொடர்பு பற்றிக் குறிப்புகள் தூவப்படுகின்றன. மௌனமாக இருந்தது இப்போது விடுகதையாகிவிட்டது. மௌனத்தின் முன் மனிதன் மண்டியிடுவான், அல்லது சினந்து கூவுவான். விடுகதை வெறும் ஆவலைத்தான் தூண்டும். மூன்றாம் பருவத்திற்கு விடையை ஒத்திப்போட்டுவிட்டால் அந்த ஆவலும் கசந்துபோகும்.

உயிர்ப்பு என்னும் சொல்லை நாம் எளிதாகக் கையாள்வதில்லை. இலாசரும் நயீன் ஊர்க் கைம்பெண்ணின் மகனும் மீண்டும் பெற்றது இதே வாழ்வை. அவர்கள் மீண்டும் இறந்தாக வேண்டும். ஆண்டவரின் உயிர்ப்பு அவ்வகையினது அன்று. அது பழைய வாழ்வுக்குத் திரும்புதல் அல்ல; காயங்களோடு கூடிய புதுவாழ்வு. தொடரில் வரும் உயிர்ப்பு இலாசருடைய வகையினது என்பதற்காக நான் குறை கூறவில்லை. இயக்குநர் மறைக்கல்வி நடத்த வரவில்லை. ஆனால் மீண்டு வந்தவரின் காயம் எங்கே? நேரலையில் எரிக்கப்பட்ட பெண் திரும்பி வந்து தன்னை எரித்த ஊரை நேருக்குநேர் பார்க்கும் காட்சி ஒன்றேனும் வேண்டாமா? முகமூடியோடு முன்வரிசையில் அமர்ந்திருந்த செல்வர்கள் எங்கே? அவள் திரும்பி வந்தது அவர்களுக்குத்தானே செய்தி! கதை அவர்களை அடியோடு மறந்துவிட்டது.

நல்லன இல்லாமலில்லை. மழலையர் பள்ளி ஆசிரியையாக இருந்து அம்புமுனைக் கூட்டத்தின் வெறிகொண்ட போதகராக மாறும் ஓ ஜி-வோன் என்னும் பெண்ணின் பகுதி அருமையானது. நடித்தவர் மூன் கூன்-யோங். அன்பான ஓர் இல்லத்தரசி எவ்வாறு சிறிது சிறிதாகக் கணவனுக்கு அந்நியமாகிப் பற்று வெறியில் கரைகிறாள் என்பதைச் சில நிமிடங்களில் காட்டிவிடுகிறார். சமயப் பற்றின் பெயரால் ஒரு குடும்ப உறுப்பினரை இழந்த வீடுகள் நம் பங்குகளிலும் இருக்கின்றன. கதவருகே திகைத்து நிற்கும் அந்தக் கணவரைப் போன்றவர்களுக்கு நாமும் ஆறுதல் கூறியிருக்கிறோம். அரசின் சார்பில் காய் நகர்த்தும் லீ சூ-க்யோங் என்னும் உயர் அலுவலரின் பாத்திரமும் நன்று. மூன் சோ-ரி அடக்கமாக நடித்துள்ளார். ஒழுங்கை நிலைநாட்ட அரசுக்கு ஒரு போதனை தேவைப்படுகிறது, அது உண்மையா பொய்யா என்பது பொருட்டில்லை என்னும் அவரது கணிப்பு, ஒரு தனித் தொடருக்கே போதுமான பொருள். இங்கே அது இடைச்செருகலாகக் கடந்துபோகிறது.

எனக்கு மிகுந்த வருத்தம் அளித்தது ‘சோதோ’வின் நிலை. மின் ஹ்யே-ஜின் தலைமையில் இயங்கும் மறைவு அமைப்பின் பெயர் அது. பண்டைக் கொரியாவில் சோதோ என்பது தெய்வத்திற்கென ஒதுக்கிய நிலம்; ஓடி வந்த குற்றவாளியும் அதற்குள் நுழைந்துவிட்டால் பிடிக்கப்பட மாட்டான். பழைய ஏற்பாட்டின் அடைக்கல நகரங்கள் நம் நினைவுக்கு வரும். ஏலாக்குறிச்சியில் அடைக்கல அன்னையை நாடிச் செல்லும் மக்களுக்கு அச்சொல்லின் பொருளை விளக்க வேண்டியதில்லை. முதற்பருவத்தில் சோதோவினர் செய்த பணி மிக எளியது. அறிவிப்புப் பெற்றவரின் இறப்பை ஊரறியாமல் மறைத்து, அவர் குடும்பத்தை இழிவிலிருந்து காத்தனர். இறந்தோரை அடக்கம் செய்வது நம் மரபில் இரக்கச் செயல்களுள் ஒன்றல்லவா? இரண்டாம் பருவத்திலோ சோதோ மற்றுமொரு போர்க்குழு. அதன் இரக்கத்தைக் காண நேரமில்லாமல், அதன் சண்டைகளையே கண்டுகொண்டிருக்கிறோம்.

குழந்தை என்னாயிற்று? இருக்கிறான். மின் ஹ்யே-ஜினின் பராமரிப்பில் வளர்கிறான். ஆனால் கதையில் அவனுக்குக் கிடைக்கும் இடம் சிறிது. ஒரு நாட்டின் பொய்யை அழுகையால் உடைத்த சிசு, இப்போது பெரியவர்களின் திட்டங்களில் பேசப்படும் ஒரு பொருள். இரு உடல்களின் கீழே பிழைத்த பிள்ளை எப்படி உறங்குகிறான், தீயைக் கண்டால் அழுகிறானா, தன் பெற்றோரைப் பற்றி அவனிடம் என்ன சொல்லப்படும் என்பனவற்றையெல்லாம் அறிய நமக்கு ஆசை. இயக்குநருக்கு அந்த ஆசை இல்லை. அரக்கர்களின் இரகசியம் அவரை ஈர்த்துக்கொண்டது.

இளைஞர் குழுக்களில் இத்தொடரைப் பேசுபொருளாக்க விரும்பும் பொறுப்பாளர்களுக்கு ஒரு சொல்: வன்முறை மிகுதி, பதினெட்டு வயதுக்குக் குறைந்தோருக்கு ஆகாது. முதற்பருவத்தின் கடைசி மூன்று பகுதிகளைப் பார்த்தபின் திரையை அணைத்துவிட்டு யோவான் நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரத்தைத் திறக்கலாம். பிறவிப் பார்வையற்றவர் முன் சீடர் கேட்டதும் இதே கேள்விதான். இரண்டாம் பருவத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டியதில்லை. ஆயினும் கிம் ஷின்-ரோக்கின் முகத்திற்காக ஒருமுறை பார்க்கலாம். உயிர் பெற்ற பார்க் ஜோங்-ஜாவாக அவர் தனி அறையில் அடைபட்டிருக்கிறார். சங்கத்தாரும் அரசின் ஆளும் அவரிடம் மறுவுலகைப் பற்றிக் கேட்கின்றனர். உலகின் முடிவைக் கேட்கின்றனர். தங்களுக்கு ஏற்றதொரு போதனையை அவர் வாயில் வைக்க முயல்கின்றனர். அவர் விரும்புவது ஒன்றே: தம் பிள்ளைகள் இருவரையும் பார்க்க வேண்டும்.